சுவருக்குள் போன புள்ளி

எச்சரிக்கை மணி அடித்ததும் குளிர்க்கிடங்கில் இருந்தவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி முற்றத்துக்கு ஓடினார்கள். அவள் மட்டும் ஓடவில்லை. வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, திரையில் கடைசிப் புள்ளி வெளியே வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை.

புள்ளி என்றால் ஆள். கிடங்கின் சுவரும் கூரையும் கனத்த இரும்புத் தகடு. உள்ளே காலை வைத்ததும் போனில் சிக்னல் செத்துவிடும். உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறவனை வானத்திலிருந்து எந்தச் செயற்கைக்கோளாலும் பார்க்க முடியாது. அதனால் ஆளுக்கொரு கைக்கருவி இடுப்பில் தொங்கும். பெட்டி மேலிருக்கும் கோடுகளைப் படிக்கத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதன் வயிற்றுக்குள் அசைவை உணரும் சில்லுகளும் இருந்தன. குலுங்கினால் ஓர் அடி, திரும்பினால் ஒரு திருப்பம் என்று அது தானாகவே கணக்குப் போட்டு, ஆள் எங்கே நிற்கிறான் என்று வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கும். மின்சாரம் போன வீட்டில் சுவரைத் தடவாமலே சமையலறைக்குப் போய்ச் சேருகிறோமே, அந்த மாதிரி ஓர் அனுமானம்தான். மற்றபடி அது ஓர் அப்பாவி ஜந்து. குலுங்கினால் நடை என்று நம்பும். யார் இடுப்பு என்று கேட்காது.

எப்போதும் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிவதால் தொழிலாளர்கள் அதற்குக் 'குட்டி' என்று பேர் வைத்திருந்தார்கள். குட்டி ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால் திரையில் புள்ளி சிவக்கும். சிவந்தால் அவள் ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு நகரச் சொல்ல வேண்டும். அது மேலாளரின் கணினிக்கும் போய்விடும். அப்படிச் சில சிவப்புகள் சேர்ந்தவன் அடுத்த மாதம் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கு முற்பகலில் இயந்திர அறையில், குளிரூட்டும் அமோனியா வாயு போகிற குழாய் ஒன்று விட்டுப்போயிற்று. கண்ணாடி அறைக்குள்ளேயே மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகிற நெடி. கண்ணில் நீர் வழிய வழிய அவள் திரையைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால், அவள் முதலில் தேடியது ஒரே ஒரு புள்ளியைத்தான். நாற்பத்தொன்று. அது அவள் கணவன். அந்தப் பச்சைப் புள்ளி சரக்கு ஏற்றும் வாசலைத் தாண்டி, முற்றத்துக்கு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றதும் 'அப்பாடா' என்று வாய்விட்டே சொன்னாள். அதற்குப் பிறகு மற்றவர்களை நிதானமாக எண்ண முடிந்தது.

கணக்கு முழுதாகிவிட்டது. திரையில் 'அனைவரும் வெளியே' என்ற பொத்தான் ஒளிர்ந்தது. அதை அமுக்கினால் கிடங்கின் எல்லா ஷட்டர்களும் இறங்கும். உள்ளே மின்விசிறிகள் நிற்கும். வாயு தெருவுக்குப் போகாது. தெருவில் வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. அவள் தயங்கவில்லை. அமுக்கினாள். ஷட்டர்கள் கடகடவென்று இறங்கி முடிகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கணவனைத் தேடிப் போனாள்.

முற்றத்தில் ஆளாளுக்கு இருமிக்கொண்டு, ஈரத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர்த் தொட்டியருகே அவள் கணவன் இல்லை. ஏணி நின்றுகொண்டிருந்தான். மேல்தட்டுப் பெட்டியை எம்பாமலே எடுத்துவிடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். கணவனுக்கு உற்ற தோழன். வீட்டுக்கு வந்தால் அவள் கையால் காபி குடிக்காமல் போகமாட்டான்.

"அவர் எங்கப்பா?"

"யாரு அண்ணி?"

"யாரா? உங்க அண்ணன்தான். இங்கதான் நிக்கிறார்னு காட்டுச்சே."

ஏணியின் கை மெதுவாகத் தன் இடுப்பை மூடப் பார்த்தது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். இடப்பக்கம் ஒரு குட்டி, வலப்பக்கம் ஒரு குட்டி. வலப்பக்கக் குட்டியில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

அவள் அந்தக் குட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது ஏன் உன்கிட்ட இருக்கு?"

"அண்ணி... வந்திருப்பார் அண்ணி. நீங்க நல்லாப் பாருங்க, இங்கதான் எங்கயாச்சும்..."

"ஏன்டா உன்கிட்ட இருக்கு?"

அந்த நெட்டை உடம்பு அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. "காலையில டீ குடிச்சிட்டுக் கொடுத்தார் அண்ணி. கால் வலிக்குது, கொஞ்ச நேரம் தூக்கிக்கடான்னார். மணி அடிச்சதும் நான் ஓடி வந்துட்டேன். அவரும் வந்திருப்பார்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

குட்டி தூக்குவது கிடங்கில் எல்லாரும் செய்கிற காரியம். உடம்புக்கு முடியாதவன் தன் குட்டியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு எங்கேயாவது போய்க் கொஞ்சம் சாய்ந்துகொள்வான். வாங்கியவன் இரண்டையும் மாட்டிக்கொண்டு நடப்பான். திரையில் இரண்டு புள்ளிகள் ஒட்டினாற்போல் போவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பாவம், யாருக்கோ முடியவில்லை என்று பார்க்காதது மாதிரி இருந்துவிடுவாள். அந்த மட்டில் தன்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டும் இருந்தாள். கணவனுடைய புள்ளியும் அதில் ஒன்று என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை. இருவரும் எப்போதும் சேர்ந்தே சரக்கு தள்ளுகிறவர்கள். சேர்ந்து போகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"எங்க போய்ப் படுப்பார்?"

"தெரியாது அண்ணி."

"தெரியாதா? தினமும் தூக்குறவனுக்குத் தெரியாதா?"

"கேக்கக் கூடாது அண்ணி. யாரும் கேக்க மாட்டோம். மாட்டிக்கிட்டா, எங்க இருக்கான்னு மேலாளர் மிரட்டுவார். தெரிஞ்சாத்தானே வாய் தவறும்? அதனால எங்கன்னு கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோம்."

ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நல்ல மனசோடு செய்த ஏற்பாடுதான். இப்போது அந்த நல்ல மனசுகள் அத்தனையும் முற்றத்தில் நின்றன. ஒருவருக்கும் அவள் கணவன் இருக்கும் இடம் தெரியவில்லை.

அவள் ஓடிப்போய் ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தாள். காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவள் விரலால்தான் இது இறங்கியது. அந்த நினைப்பு வந்ததும் அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது; அது தன்னுடையது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மேலாளர் ஓடி வந்தார். கையில் மடிக்கணினி. "என்னம்மா ஆர்ப்பாட்டம்? சிஸ்டப்படி எல்லாரும் வெளியதான் இருக்காங்க."

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார் சார்!"

"நாற்பத்தொண்ணுதானே? இதோ பாருங்க, தொட்டிகிட்ட நிக்கிறார்." விரலால் திரையைத் தட்டியும் காட்டினார். அவருடைய விரலுக்கும் தரையில் உட்கார்ந்து அழுகிற ஏணிக்கும் இடையே பார்வை இரண்டு மூன்று தடவை போய்வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் எட்டியது.

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்து, ஷட்டர்களின் இடுக்குகளில் தண்ணீரைத் திரையாக அடிக்க ஆரம்பித்திருந்தது. அதன் தலைவர் தலைமுடி நரைத்த, குரல் உயர்த்தாத மனிதர். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பாருங்கம்மா," என்றார். "இப்ப என்கிட்ட ரெண்டு பேருக்குத்தான் மூச்சுக்கருவி இருக்கு. அதுல காத்து கொஞ்ச நேரம்தான் வரும். அடுத்த வண்டி வர்றதுக்குள்ள இன்னொரு தடவை போக முடியாது. இவ்வளவு பெரிய கட்டடத்தை மூலை மூலையாத் தேட வழியில்லை. ஒரு கதவு திறப்பேன், ஒரு தடவை. எந்தப் பக்கம்னு நீங்கதான் சொல்லணும்."

"எல்லாக் கதவையும் திறங்களேன்! காத்து போகட்டும்!"

"திறந்தா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பிள்ளைங்களை இப்பத்தான் வெளியேத்திக்கிட்டு இருக்காங்க."

அவள் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மேலாளர் மடிக்கணினியை வண்டியின் முகப்பில் வைத்தார். காலையிலிருந்து இரண்டு குட்டிகளும் போன பாதை அதில் கோடுகளாக விழுந்திருந்தது. "இதோ. டீ நேரம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் மேற்குப் பக்கம் உடை மாத்துற அறையில இருந்திருக்காங்க. அங்கதான் கைமாத்தியிருக்கான். கால் சரியில்லாதவன் அங்கேருந்து எவ்வளவு தூரம் போயிடுவான்? அந்த அறையிலயோ பக்கத்துக் கழிப்பறையிலயோதான் இருக்கணும்."

நியாயமான பேச்சு. தலைவர் தலையசைத்தார். மூச்சுக்கருவி மாட்டிய இருவரும் மேற்கு வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அவளும் கூடவே நடந்தாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. உடை மாற்றும் அறையில் படுத்திருந்தால் மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்திருக்க மாட்டானா? அந்த வாசல் எட்டிப் பிடிக்கிற தூரம். மணிச் சத்தம் சரியாகக் கேட்காத இடம், கேட்டாலும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நேரத்துக்குள் வர முடியாத இடம். அது எது?

போன வருஷம் அடுக்கு சரிந்து பெட்டிகள் அவன் இடது கணுக்காலில் விழுந்தன. எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. குளிரில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர்க்கிடங்கு வேலைக்காரனிடம் போய்! வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். 'கொஞ்ச நேரம் உட்காந்தா போதும், சரியாயிடும்' என்பான். உட்கார்ந்தால் புள்ளி சிவக்கும். சிவந்தால் கூப்பிட வேண்டியவள் அவன் பெண்டாட்டி.

ஒரு தடவை அப்படித்தான் ஆயிற்று. புள்ளி சிவந்து கண்ணைச் சிமிட்ட, மேலாளர் முதுகுக்குப் பின்னால் நிற்க, அவள் ஒலிபெருக்கியில் சொன்னாள்: 'நாற்பத்தொண்ணு, நகருங்க.' அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவன் பேசாமல் சாப்பிட்டான், அவள் பேசாமல் பாத்திரம் கழுவினாள். சில நாள் கழித்து, கால் இப்போது தேவலை என்றான். அதற்குப் பிறகு அவன் புள்ளி சிவக்கவே இல்லை. அவளும் தேவலை என்றே நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

அந்தச் சிவப்பு எங்கே விழுந்தது?

அவள் நடை நின்றுவிட்டது. மூன்றாம் உறைகூடத்துக்கு வெளியே, நடைவழியின் கோடியில். அங்கே ஒரு நாற்காலி கூடக் கிடையாது, வெறும் சுவர். கால் வலிக்கிறவன் போய் உட்காருகிற இடமா அது?

அதற்கு முன்னால், மழைக்காலத்தில், பழைய மென்பொருள் இருந்தபோது நடந்ததும் ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் புள்ளிகள் அவ்வப்போது தடம் மாறிப் போகும். மவுஸால் பிடித்திழுத்துச் சரியான இடத்தில் வைப்பதும் அவள் வேலைதான். மற்றவர்களுடைய புள்ளி எப்போதாவது போகும். கணவனுடையது அடிக்கடி போகும். டீ நேரம் முடிந்ததும் மூன்றாம் உறைகூடத்து நடைவழியில் நேராகப் போய், கோடியிலிருக்கும் சுவருக்குள் புகுந்துகொள்ளும். திரை கேள்விக்குறி போடும். அவள் சிரித்துக்கொண்டே அதை இழுத்து வெளியே விடுவாள். வீட்டில் கேலியும் செய்திருக்கிறாள்.

'இன்னிக்கும் சுவத்துக்குள்ள பூந்துட்டீங்க. என்ன, பேயா நீங்க?'

'நடை கோணல்டி. புள்ளியும் கோணலாத்தானே போகும்?' என்று அவனும் சிரித்தான்.

நொண்டி நடையால் கருவிக்கு வரும் பிசகு என்று அவள் நம்பினாள், மென்பொருள்காரர்களும் நம்பினார்கள். கடைசியில் எந்தப் புள்ளியும் சுவருக்குள் நுழையாதபடி புது மென்பொருள் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் புள்ளி சுவரோடு ஒட்டிக்கொண்டு நடைவழியிலேயே நின்றது. நின்றதால் சிவந்தது. சிவந்ததால் அவள் கூப்பிட்டாள்.

பிசகு என்றால் ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் என்று மனம்போன போக்கில் திரிந்திருக்க வேண்டும். தவறாமல் அதே சுவரில், அதே இடத்தில் நுழைவதற்குப் பேர் பிசகா? குட்டி ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. அவன் நிஜமாகவே சுவருக்குள்தான் போயிருக்கிறான். அவள்தான் இழுத்து இழுத்து வெளியே போட்டிருக்கிறாள். இழுத்துப் போடுவதையும் அந்தப் பழைய மென்பொருள் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த மழைக்காலம் முழுக்கப் புள்ளி சிவக்கவில்லை. தனக்கே தெரியாமல் அவளும் அவனுடைய குட்டியைத் தூக்கியிருக்கிறாள்.

"நில்லுங்க!" என்று கத்தினாள். "மேற்கு இல்ல! கிழக்கு! மூணாம் கூடம், சுவத்துக்குப் பின்னால!"

தலைவர் திரும்பினார். மேலாளர் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அந்த இடத்தில் உறைகூடமும் இயந்திர அறையும் ஒரே கோட்டைப் பங்குபோட்டுக்கொண்டு ஒட்டியிருந்தன.

"இங்க இடமே இல்லையேம்மா," என்றார் தலைவர்.

"வரைபடம் தப்பு சார். புள்ளி சரி."

"இப்பத்தானே புள்ளி தப்புன்னு குதிச்சீங்க?" என்றார் மேலாளர். "இப்ப புள்ளி சரியா? ஒரு தடவைதான் திறக்க முடியும்னு சொல்றாங்க. உங்க ஞாபகத்தை நம்பி..."

"தினம் தினம் நான்தான் இழுத்தேன் சார்! இந்தக் கையால! எனக்குத் தெரியாதா?"

கத்தினாளே தவிர, தன்னையே கேட்டுக்கொண்டாள். தெரியுமா? கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் இதே கையால் இதே உறுதியோடு பொத்தானை அமுக்கினாள். இப்போது கிழக்கு என்று சொல்லி, அவன் மேற்கே கிடந்தால்? தலைவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதிலும் காலம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி." ஏணி எழுந்து நின்றிருந்தான். மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "ஒண்ணு சொல்லட்டுமா? எங்க போறார்னு தெரியாது. ஆனா திரும்பி வந்து குட்டியை வாங்கும்போது அண்ணன் கை சூடா இருக்கும். நம்ம கையெல்லாம் மரக்கட்டை மாதிரி இருக்கும். அவர் கை மட்டும் சூடா இருக்கும். ஒருநாள் கேலி பண்ணேன், வீட்டுக்குப் போய் அண்ணியைப் பாத்துட்டு வந்தீங்களான்னு."

"சூடாவா?" என்றார் தலைவர். "இந்தக் கிடங்குக்குள்ளயா?"

வண்டியின் படியில் உட்கார்ந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்த இயந்திரக்காரர் துண்டைக் கீழே இறக்கினார். இருமலுக்கு நடுவே வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "சூட்டுக் குழாய்... கூடத்துல ஐஸ் உருக்குறதுக்கு விடுறது. அந்தச் சுவத்துக்குப் பின்னாடிதான் போகுது. தகடு மாட்டும்போது குழாய்க்காக ஒரு சந்து விட்டாங்க. ஆள் ஒருக்களிச்சு நுழையலாம். அதை அடைச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

"இயந்திர அறைக்கு எவ்வளவு பக்கம்?"

"அடுத்த சுவரே அதுதான்."

தலைவர் சட்டென்று கிழக்கைக் காட்டிக் கையை வீசினார். "போங்க. மூணாம் கூடத்து நடைவழி, கோடி. தகட்டை நெம்புங்க. ஓடுங்க!"

கிழக்கு ஷட்டர் ஆள் குனிந்து போகிற உயரத்துக்கு எழும்பியது. தண்ணீர்த் திரைக்குள் இருவரும் மறைந்தார்கள். ஷட்டர் மறுபடி இறங்கியது. தலைவரின் தோளிலிருந்த கம்பியில்லாக் கருவியில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

அவள் ஏணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் கோபமாக வந்தது. அவன்மேல்தான். என்னிடம் சொன்னால் என்ன? நான் யார், வழியில் போகிறவளா? ஒரே பாயில் படுக்கிறோம், அந்தக் காலுக்கு நான்தான் தைலம் தேய்க்கிறேன். சுவருக்குள் ஒரு சந்து இருக்கிறது, அங்கே போய் உட்காருகிறேன் என்று சொல்வதற்கு என்ன கேடு? இப்படிக் கேட்டுக்கொண்டே போனவளுக்குப் பதிலும் தெரிந்துதான் இருந்தது. யாரிடம் சொல்வான்? நாற்பத்தொண்ணு, நகருங்க என்று ஊரறியக் கூப்பிட்டவளிடமா? அவளுக்குத் தெரிந்தால் அவள் மறைக்க வேண்டிவரும்; மறைத்தால் அவள் வேலை போகும். அதை யோசித்துத்தான் வாயைத் திறக்கவில்லை. ஏணியிடமிருந்து மறைத்த அதே காரணத்துக்காக அவளிடமிருந்தும் மறைத்திருக்கிறான்.

கருவி கரகரத்தது. "சார், ஷட்டர்ல உள்பக்கம் பனி படிஞ்சிருக்கு. அதுல கை அச்சு இருக்கு. நிறைய இருக்கு."

அவள் அதைக் கேட்டாள். வந்திருக்கிறான். அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஷட்டர்வரை வந்திருக்கிறான். வந்து தட்டியிருக்கிறான். அவள் அப்போது தண்ணீர் பாட்டிலோடு முற்றத்தில் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஆள் இருக்கானா?" என்றார் தலைவர்.

"இங்க இல்ல. உள்ள போறோம்."

மூச்சிரைப்பு. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். ஏணி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. தலைவர் அவள் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "இந்த வாயு மேல ஏறும்மா. தரையோட தரையாப் படுத்திருந்தா வாய்ப்பு இருக்கு." அவருடைய வேலையில் இப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. இருந்தாலும் அவள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். படுத்திருங்க, எழுந்திருக்காதீங்க, நகராதீங்க. இவ்வளவு நாள் நகரு நகரு என்று சொன்ன அதே வாய்தான், நகராதீங்க, நகராதீங்க என்று அரற்றியது.

"சார்... தகடு திறந்துருச்சு. சந்து இருக்கு." ஓர் இடைவெளி. அவளுக்கு அது முடிவதாகவே தெரியவில்லை. "ஆள் இருக்கார். குப்புறப் படுத்திருக்கார். முகத்துல துணி சுத்தியிருக்கார். ஷட்டர் திறக்கலன்னதும் இங்க திரும்பி வந்து, வாயு வராம தகட்டை உள்ளேருந்து இழுத்து மூடியிருக்கார் போல."

"மூச்சு?"

"தெரியல சார். தூக்குறோம்."

ஷட்டர் எழும்பியது. இரண்டு பேர் நடுவே ஒருவனைத் தொங்கத் தொங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுடைய இடது கால் தரையில் இழுபட்டது. அந்தக் காலைப் பார்த்துத்தான் அவள் அது தன் கணவன் என்று தெரிந்துகொண்டாள்; முகம் அவ்வளவு வீங்கியிருந்தது. கீழே கிடத்தி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றினார்கள். சட்டையைக் கிழித்தார்கள். மருத்துவ வண்டியிலிருந்து வந்த பெண் மார்பில் காதை வைத்தாள், பிறகு முகத்தில் மூச்சுமூடியைப் பொருத்தினாள்.

"இருக்கார்," என்றாள். "மூச்சு இருக்கு. நுரையீரல் எப்படின்னு போய்த்தான் பாக்கணும். தூக்குங்க, சீக்கிரம்."

அவள் அவன் கையைப் பற்றினாள். இத்தனை தண்ணீர் ஊற்றிய பிறகும் அது சூடாக இருந்தது. தூக்குப் படுக்கையோடு கூடவே ஓடினாள். ஏணியும் ஓடி வந்தான், இடுப்பில் இரண்டு குட்டியும் குலுங்கக் குலுங்க.

வண்டிக்குள் ஏற்றும்போது அவன் விரல்கள் அசைந்தன. கண் திறக்க முடியவில்லை, இமைகள் ஒட்டிப்போயிருந்தன. ஆனால் கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. மூச்சுமூடிக்குள் உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"செவப்பு..." என்றான். குரல் இல்லை, வெறும் காற்றுதான். "செவப்பாயிடுச்சா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். சாவின் வாசல்வரை போய்வந்தவனுக்கு அந்தப் புள்ளிதான் கவலை. அதைப் பார்த்துவிட்டு அவள் என்ன செய்யும்படி ஆயிற்றோ என்று கவலை.

"இல்லங்க," என்றாள். "ஆகல. கடைசி வரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு."

அப்பாடா என்று அவன் முகம் தளர்ந்தது.